தேய்வதற்கென்றே செய்த பாகம்

காரில் உள்ள ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் தேயாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. எஞ்சினுக்குள் ஆயில் ஓடுவது அதற்காகத்தான். பேரிங்கில் கிரீஸ் வைப்பதும் அதற்காகத்தான். பிரேக் பேடும் டிஸ்க்குமோ தேய்ந்தால்தான் வேலை செய்யும். அவற்றின் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் பட்டால்கூட ஆபத்து. ஓடுகிற வண்டியின் வேகத்தை உராய்வால் சூடாக்கிக் காற்றில் கலந்துவிடுவது அவற்றின் தொழில். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் சூட்டைக் கொண்டு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வளவு சூடும் சில விநாடிகளுக்குள், அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்கள் இரண்டில் இருக்கும் நான்கு சிறிய பேடுகளின் முகத்தில் பிறக்கிறது.

ஆகவே பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தேய்ந்தாக வேண்டும். எது தேயட்டும்? எவ்வளவு சீக்கிரம் தேயட்டும்? தேய்ந்த தூள் எங்கே போகட்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் நூற்றிருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த பதில்களே பிரேக்கின் வரலாறு. முதல் இரண்டு கேள்விகளுக்கு மனிதர்கள் செலவழித்த அறிவையும் உழைப்பையும் நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. மூன்றாவது கேள்வியை அவர்கள் தொடாமலே விட்டுவைத்த காலத்தை நினைத்தால் கோபம் வருகிறது.

நான் சென்னை கொரட்டூரில் வளர்ந்தவன். இப்போது இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் குடியிருக்கிறேன். என் காரின் முன்சக்கர டிஸ்க்குகளையும் பேடுகளையும் வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றிக்கொள்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பு இருக்கிறது. அதனால் கை போகும் வரிசையிலேயே இந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

முதல் வேலை முன்சக்கரத்தைக் கழற்றுவது. வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரப் போல்ட்டுகளைச் சற்று இளக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, வண்டியின் பாரத்தை ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை நீட்டக் கூடாது.

முன்சக்கரத்தில் பிரேக் இருப்பது இன்று யாருக்கும் வியப்பாக இல்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்களின் பிடி குறைகிறது, ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. ஆனால் மோட்டார் வண்டியின் முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் முன்சக்கரத்தில் பிரேக் வைக்க அஞ்சினார்கள். வண்டி குப்புறக் கவிழும், ஸ்டியரிங் கையை விட்டுப் போகும் என்று நினைத்தார்கள். ஸ்காட்லாந்தின் அரோல்-ஜான்ஸ்டன் நிறுவனம் 1909இல் முன்சக்கரத்திலும் பிரேக் வைத்தது. வாங்குவோரின் பயம் தீராததால் சில ஆண்டுகளுக்குள் அதைக் கைவிட்டது. 1922இல் வந்த ஆஸ்டின் செவன் காரில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தது என்றாலும், காலால் மிதித்தால் பின்சக்கரம் மட்டுமே பிடிக்கும். முன்சக்கரத்துக்குக் கைப்பிடியை இழுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்தது 1930இல்தான். நான்கு சக்கர பிரேக் உள்ள வண்டிகளின் பின்புறத்தில் சிவப்பு முக்கோணம் மாட்டும் பழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. முன்னால் போகிற வண்டி எதிர்பாராத அளவுக்குச் சீக்கிரம் நின்றுவிடும், பின்னால் வருபவர் விலகி வர வேண்டும் என்பது அதன் பொருள்.

சக்கரம் வெளியே வந்ததும் கண்ணில் படுவது காலிப்பர். டிஸ்க்கின் விளிம்பைக் கவ்வியபடி உட்கார்ந்திருக்கும். பின்பக்கமுள்ள இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது. கம்பியை வளைத்து ஸ்பிரிங்கில் மாட்டிவைக்கிறேன். அந்தக் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில்தான் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு வருகிறது. கம்பிகளும் கோல்களும் நெம்புகோல்களும் செய்துவந்த வேலையை ஒரு திரவத்திடம் ஒப்படைத்தவர் அமெரிக்காவின் மால்கம் லக்ஹீட். தம்பி ஆலனோடு சேர்ந்து விமானம் கட்டியவர், 1917இல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். கம்பி பிரேக்கில் நான்கு சக்கரமும் ஒரே அளவில் பிடிப்பதற்குத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். மூடிய குழாயில் திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்கும் என்பதால் அந்தத் தொல்லை அடியோடு ஒழிந்தது.

1921இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பெர்க் வண்டி வென்றபோது அதில் நான்கு சக்கர திரவ பிரேக் இருந்தது. 1924இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலை வண்டிக்கும் கொண்டுவந்தது. அதற்குள் தோல் வாஷர்களின் இடத்துக்கு ரப்பர் வந்து, கசிவும் கட்டுக்குள் வந்தது.

காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் வளையம் உண்டு. இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் பொருள் அது. பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் சற்று முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு விட்டு, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. பேட் தேய்ந்திருந்தால் பிஸ்டன் வளையத்தை வழுக்கிக்கொண்டு அந்த அளவு முன்னேறி, புதிய இடத்தில் தங்குகிறது. பேட் எவ்வளவு தேய்ந்தாலும் டிஸ்க்குக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறாது. டிரம் பிரேக்கின் பழைய வகைகளில், டிரம்முக்குள் உரசும் ஷூ தேயத் தேய மெக்கானிக்கிடம் போய் டைட் செய்துகொண்டு வர வேண்டும். இங்கே ஒரு ரப்பர் வளையம் அந்தக் கணக்கை ஒவ்வொரு மிதிப்புக்கும் பார்த்துக்கொள்கிறது. பேட் மாற்றும்போது அந்தப் பிஸ்டனை ஜி கிளாம்ப் கொண்டு மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்டில் பட்டால் உரித்துவிடும்.

அடுத்து, பழைய பேடுகளை உருவி எடுக்கிறோம். புதிதாகப் போட்டபோது 12 மி.மீ. இருந்த உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவில் நிற்கும். அதன் பின்னால் இரும்புத் தகடு. அந்த 3 மில்லிமீட்டரும் போனால் இரும்பும் இரும்பும் உரசும்.

இந்த உராய்வுப் பொருளின் கதை இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் தொடங்குகிறது. அங்கே ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897இல் பிரேக் கட்டைகள் செய்யத் தொடங்கினார். அப்போது கார் அல்ல, குதிரை வண்டிதான் பிரச்சினை. செங்குத்தான சரிவில் பாரவண்டி இறங்கும்போது இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தைப் பிடித்து நிறுத்த மரக்கட்டை போதவில்லை. வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸின் தோலைக் கட்டையில் வைத்து ஓட்டுவதை அவர் கவனித்தார் என்று அவர் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனத்தின் வரலாற்றில் சொல்வார்கள். நெய்த நார்ப்பட்டையில் பிசினை ஊற வைத்து அவர் செய்த கட்டைகள் மரத்தைவிடவும் தோலைவிடவும் நன்றாகப் பிடித்தன. மோட்டார் வண்டி பெருகியதும் அந்த நார் சூட்டில் கருகியது. சூட்டுக்குக் கருகாத நார் ஒன்று தேவைப்பட்டது. 1908 வாக்கில் அவர் கல்நாருக்கு (ஆஸ்பெஸ்டாஸ்) போனார்.

பொறியாளர் கண்ணில் கல்நார் அற்புதம். தீயில் கருகாது, நெய்யலாம், மலிவு. அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான பிரேக் லைனிங்குகள் அதை வைத்தே செய்யப்பட்டன. அதன் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொன்ன முதல் சாட்சிகளில் ஒருவர் நெல்லி கெர்ஷா. ராச்டேல் ஊரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்ற பெண். 1924 மார்ச்சில், 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், உள்ளே கல்நார்த் துகள்களைக் கண்டு, அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. நெல்லி தன் பெயர் தாங்கிய கல்கூட இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆலை நிறுவனமே இணைப்புகளால் பெருகி, 1920களின் நடுவில் ஃபெரோடோவையும் வாங்கிக்கொண்டது. 1931இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது ஆலையின் வாசலோடு நின்றது. ஆலையில் செய்த லைனிங் தேய்ந்து தூளாகும் இடம் தெருவோரப் பட்டறை என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

கொரட்டூரில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் இதை நான் பார்த்திருக்கிறேன். அம்பாசடரின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள் கைப்பிடி அளவு கிடக்கும். டிரம் என்பது மூடிய கலம். தேய்ந்தது முழுவதும் அதற்குள்ளேயே தங்கும். மெக்கானிக் அண்ணன் அதை வாயால் ஊதுவார். கம்பிரஸர் ஓடிக்கொண்டிருந்தால் காற்றுக் குழாயை வைத்து அடிப்பார். "தள்ளி நில்லு தம்பி, கண்ணுல விழும்" என்பார். கண்ணைப் பற்றி எச்சரித்தவருக்கு நுரையீரலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நெல்லி கெர்ஷா இறந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் செய்தி அவர் பட்டறைக்கு வந்து சேரவில்லை. பிரிட்டன் எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்தது 1999இல். இந்தியாவில் முழுத் தடை இன்றும் இல்லை.

பேடுகள் வெளியே வந்த பிறகு, அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால் டிஸ்க் தனியாக நிற்கும். அதன் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். என் வண்டியில் புதிய டிஸ்க் 25 மி.மீ., குறைந்தபட்சம் 22. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் பழையது 21.8 காட்டியது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. தடிமன் குறைந்த டிஸ்க் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள முடியாமல் சீக்கிரம் கொதிப்பேறும், விரிசல் விடும்.

டிஸ்க் பிரேக்கை நினைத்துப் பார்த்தவர் பர்மிங்ஹாமின் ஃபிரெடரிக் லாங்செஸ்டர். 1902இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில்தான் பாரிஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்தார். லாங்செஸ்டர் சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோகத் தட்டை இரு பக்கமும் செம்புப் பட்டைகளால் கவ்வ வைத்தார். கருத்து முழுச் சரி. பொருள் கைகொடுக்கவில்லை. செம்பு உலோகத்தில் உரசி எழுந்த கிறீச்சொலி தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது. தார் போடாத சாலைகளின் புழுதி இடையில் புகுந்து செம்பை வேகமாகத் தின்றது. டிரம் மூடியிருந்தது, புழுதி புகாது. ஆகவே அடுத்த அரை நூற்றாண்டு டிரம்முக்கே போயிற்று.

டிரம்மின் குறை அதன் சூட்டில் இருந்தது. ஷூ உள்ளிருந்து டிரம்மை நோக்கி அழுத்துகிறது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடியும் சூட்டில் குறைகிறது. நீண்ட மலை இறக்கத்தில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவதை அந்தக் கால டிரைவர்கள் நன்றாக அறிவார்கள். டிஸ்க் சூடேறினால் அதன் தடிமன் கூடுகிறது, பேடை நோக்கியே வருகிறது. இரு முகமும் காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. நனைந்தால் நீரை உதறிவிடுகிறது. தேய்ந்த தூள் உள்ளே தங்காமல் விழுந்துவிடுகிறது. சாலைகளில் தார் வந்து புழுதி அடங்கியதும், லாங்செஸ்டரின் எண்ணம் திரும்ப எழுவதற்கு வழி திறந்தது.

அதை முதலில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது விமானம். ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் வேகம் முழுவதையும் சிறிய சக்கரங்களுக்குள் அடங்கும் பிரேக் விழுங்கியாக வேண்டும். கவன்ட்ரியில் ஹோல்புரூக் லேனில் இருந்த டன்லப் ஆலை விமானங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்தது. ஜாகுவார் தொழிற்சாலையும் அப்போது அந்த வட்டாரத்திலேயே இருந்தது. இரண்டு இடத்துப் பொறியாளர்களும் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் அதைக் காருக்குப் பழக்கினார்கள். சோதனை ஓட்டுநராக 1952இல் ஜாகுவாரில் சேர்ந்த நார்மன் டூயிஸ் மைல் கணக்கில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி அடைத்து, பெடல் வெறுமனே உள்ளே போயிற்று. திரவம் அழுத்தினாலும் நசுங்காது, ஆவி நசுங்கிக்கொள்ளும். இன்று டாட் 4 தரத்துப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையக் கூடாது என்ற விதி இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன. ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

1952 மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸும் டூயிஸும் டிஸ்க் பிரேக் பூட்டிய சி-டைப் ஜாகுவாரை ஓட்டினார்கள். வேறு கோளாறால் முடிக்க முடியவில்லை. அடுத்த மாதமே பிரான்சின் ரேம்ஸில் மாஸ் வென்றார். 1953 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் வந்தது. ஆறு கிலோமீட்டர் நீளமான நேர்ச்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, முடிவில் கூர்மையான வளைவுக்காக வேகத்தை உதிர்க்க வேண்டிய பாதை அது. டிரம் உள்ளவர்கள் சூட்டுக்குப் பயந்து முன்கூட்டியே பிரேக் போட்டார்கள். ஜாகுவார்கள் வளைவின் வாசல் வரை போய்ப் பிரேக் போட்டன, இரவு முழுக்க, ஒவ்வொரு சுற்றிலும். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி முதலிடம் பெற்றது. மற்ற இரண்டு சி-டைப்களுக்கு இரண்டாம், நான்காம் இடங்கள். அந்தப் பந்தயத்தில் முதல்முறையாகச் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. நன்றாக நிற்கத் தெரிந்த வண்டி வேகமாகவும் போகலாம் என்பதை அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வர இரண்டு பாதைகள் இருந்தன. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் டி.எஸ். கார் வந்தது. பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட வண்டிகளில் டிஸ்க் பிரேக்கை நிலைநாட்டியது அதுதான். ஆனால் அதன் முன் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸை ஒட்டி வண்டியின் வயிற்றுக்குள் இருந்தன. சக்கரத்தின் எடை குறைந்து சவாரி மெத்தென்று இருந்தது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றாலோ வேலை நீளும். மறு ஆண்டு, 1956இல், கவன்ட்ரியின் டிரயம்ப் நிறுவனம் டி.ஆர்.3 காரின் முன்சக்கரங்களில் கர்லிங் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்கைப் பூட்டியது. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் கண்முன்னே இருந்தது. உலகம் இரண்டாவது பாதையில் போனது.

அப்போதும் டிஸ்க்கை எடுப்பது எல்லோராலும் முடியவில்லை. பல வண்டிகளில் டிஸ்க்கை ஹப்போடு போல்ட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். டிஸ்க் வேண்டுமானால் பேரிங்கைப் பிரித்து, திரும்ப மாட்டும்போது கிரீஸ் வைத்து, தளர்ச்சி சரிபார்க்க வேண்டும். பிறகு வந்த வடிவத்தில் டிஸ்க் ஹப்பின் மேல் தொப்பியாக உட்காரும். ஒரே ஒரு சிறிய ஸ்குரூ அதைப் பிடித்திருக்கும், சக்கரத்தின் போல்ட்டுகளே அதை இறுக்கி வைக்கும். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருந்து, காலிப்பர் முழுவதும் பின்களின் மேல் நகர்ந்து மறுபக்கத்தையும் கவ்வும் வகையும் வந்தது. பாகங்கள் குறைந்தன, விலை குறைந்தது, சாதாரண மனிதனின் ஸ்பேனருக்குள் வேலை அடங்கியது. தேயப்போகிற பாகம் எளிதில் கழன்று வர வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் ஏற்றுக்கொண்டதன் பலன் இது. பாட்டரிகூட மாற்ற முடியாத பொருட்களை விலை கொடுத்து வாங்கும் இந்தக் காலத்தில், ஒரு கண்டிப்பான பாதுகாப்புப் பாகத்தை உரிமையாளரே மாற்றலாம் என்று விட்டுவைத்திருப்பதை நான் பெரிய கௌரவமாகக் கருதுகிறேன்.

பிரிட்டனில் வீட்டு வாசல் வேலை பரவியதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. 1960 செப்டம்பரில் அரசு, பத்து ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கு பிரேக், ஸ்டியரிங், விளக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. தேறாத வண்டிகள் அத்தனை என்பதால் மறு ஆண்டே ஏழு ஆண்டாகவும், 1967இல் மூன்று ஆண்டாகவும் வரம்பை இறக்கினார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் பிரேக்கைக் கவனித்தே தீர வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஜான் ஹேன்ஸ். விமானப்படையில் ஏடனில் இருந்தபோது நண்பரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டை முழுதாகப் பிரித்துப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார். 1966இல் அதை முதல் கையேடாக வெளியிட்டார். மூவாயிரம் பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. தொழிற்சாலை தன் மெக்கானிக்குகளுக்கு மட்டும் எழுதிய அறிவை ஆலைக்கு வெளியே இருந்தவர்களும் படிக்கலாம் என்று அவர் காட்டினார். என் கராஜ் அலமாரியில் இருக்கும் கையேட்டின் பிரேக் பக்கங்களில் விரல் ரேகை பதிந்திருக்கிறது, எனக்கு முன் அதை வைத்திருந்தவருடையதும் சேர்ந்து.

இந்தக் கவன்ட்ரி, பர்மிங்ஹாம் கதைக்கும் நான் வளர்ந்த இடத்துக்கும் நேரடி உறவு உண்டு. 1962இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தின் கர்லிங் பிரிவும் சேர்ந்து, கொரட்டூரை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. டி.ஆர்.3இல் டிஸ்க்கைப் பூட்டிய அதே கர்லிங். 1964இல் ராணே பிரேக் லைனிங், 1974இல் பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். எம்.டி.எச். சாலையின் இரு பக்கமும் நின்ற ஆலைகளை நம்பி எங்கள் தெருவில் பாதி வீடுகள் நடந்தன. ஷிப்ட் முடிந்து லூகாஸ் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் கூட்டத்தில் என் பெரியப்பாவும் இருப்பார். இந்திய வண்டிகள் நான்கு சக்கரமும் டிரம்மாகவே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1980களின் பிற்பாதியில் மாருதி பெருகிய பிறகுதான் முன்சக்கர டிஸ்க் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்தது. சோளிங்கரில் உள்ள பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இன்று உலகச் சந்தைக்கும் வார்க்கிறது. ஒரு தலைமுறை கற்றுக்கொண்ட தொழிலை அடுத்த தலைமுறை ஏற்றுமதி செய்கிறது. டிஸ்க்கை வார்ப்பிரும்பில் செய்வதன் காரணத்தைப் பெரியப்பாதான் எனக்குச் சொன்னார். வார்ப்பிரும்புக்குள் கரி செதில் செதிலாக இருக்கிறது, அது சூட்டைக் கடத்துகிறது, அதிர்வை அடக்குகிறது என்றார். லாங்செஸ்டரின் கிறீச்சொலிக்கு ஓரளவு விடை அந்தச் செதில்களில் இருக்கிறது.

பழைய டிஸ்க் துருவேறி ஹப்பில் ஒட்டியிருக்கும். சுத்தியலால் பின்பக்கம் மாற்றி மாற்றித் தட்டினால் விட்டுவிடும். அதன் பிறகு செய்யும் வேலையில் அவசரம் கூடாது. ஹப்பின் முகத்தில் உள்ள துருவை வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். அங்கே சிறிது துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும், சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் பெடல் காலில் நடுங்கும். புதிய டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் தடவியிருக்கும் எண்ணெயைக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். பின்களுக்கு அதற்கான கிரீஸ் வைத்து, கையால் அசைத்தால் வழுக்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கும் பேடும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் பெடலை மிதித்து மிதித்து இறுக வைக்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் மிதி தரைக்குப் போகும். இதைச் செய்யாமல் கிளப்பினால் பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுகிறோம். பிறகு ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பல தடவை, முழுதாக நிறுத்தாமல், வேகத்தைக் குறைத்துக் குறைத்து, நடுநடுவே ஆற விட்டு ஓட்ட வேண்டும். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிந்து, இரண்டும் பொருந்தும்.

அப்படிப் படிந்தது போக மிச்சமெல்லாம் தூள். டிஸ்க் பிரேக் தூளை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, வெளியே கொடுத்துவிடுகிறது. கல்நாருக்குப் பதிலாக வந்த பேடுகளில் சூட்டைக் கடத்தச் செம்பு நார் சேர்த்தார்கள். லாங்செஸ்டர் தொடங்கிய உலோகத்துக்கே தொழில் திரும்பியது. தேய்ந்த செம்பு மழைநீரோடு ஓடைகளுக்குப் போயிற்று. கரைந்த செம்பு சிறு அளவிலும் சால்மன் மீன்களின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இல் சட்டம் இயற்றின: 2021 முதல் பேடில் செம்பு 5 சதவீதத்துக்குள், 2025 முதல் அரை சதவீதத்துக்குள். 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 விதி பிரேக் தூளுக்கே வரம்பு கட்டியது. பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், பாட்டரியில் மட்டும் ஓடும் கார்களுக்கு 3. புகைக்குழாய்க்கு வரம்பு வந்து பல பத்தாண்டுகள் கழிந்து, பிரேக்கின் முறை வந்திருக்கிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கும் வண்டிகளில் பிரேக் அதிகம் தேயாமல் துருப்பிடிக்கிறது. அதனால் ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.3 போன்ற மின்கார்களின் பின்சக்கரத்தில் மூடிய டிரம் மறுபடி வந்திருக்கிறது.

ஓர் ஆலைப் பெண்ணின் மரணத்திலிருந்து ஒரு மில்லிகிராம் கணக்கு வரை வருவதற்கு நூறு ஆண்டுகள் ஆயின. அறிவு இல்லாததால் அல்ல இந்தத் தாமதம். 1924இல் குக் எழுதிவிட்டார். தூள் யாருடைய மூச்சில் போகிறதோ அவர்கள் பிரேக்கை வாங்குகிறவர்களாக இல்லை, விற்கிறவர்களாகவும் இல்லை என்பதுதான் காரணம். வாங்குகிறவர் நின்றால் போதும் என்றார். விற்கிறவர் பேட் நீடித்தால் போதும் என்றார். நூற்றவரையும் ஊதியவரையும் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் பிரேக் மாற்றுகிறவருக்கு இதில் ஒரு தனி இடம் இருக்கிறது. வாங்குகிறவரும் அவர்தான், தூளின் முன்னால் மண்டியிடுகிறவரும் அவர்தான். நான் காற்றடித்துச் சுத்தம் செய்வதில்லை. கிளீனர் தெளித்து ஈரமாக்கி, தாளில் துடைத்து, பையில் கட்டி எடுத்துப் போகிறேன். முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் ஏன் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு முழுக் காரணத்தையும் சொல்கிறேன். ஊருக்குப் போகும்போது பட்டறையில் வேலை பார்க்கும் பையன்களிடமும் அதையே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கல்நார் கலந்த மலிவு லைனிங் இன்னும் கைக்கு வரக்கூடும். கடையில் பேட் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று எல்லோரும் கேட்கிறோம். அதில் கல்நார் இல்லையே, செம்பு எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாது. கேட்பவர்கள் பெருகினால் அவர் தெரிந்து வைத்துக்கொள்வார்.